65 ஆண்டுகள் மறக்காத உடல், புதிய கிருமியிடம் தடுமாறுவது ஏன்?

வணக்கம். கழுத்துக்குச் சற்றுக் கீழே, நெஞ்சின் நடுவில் கை வையுங்கள். அந்த எலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. நீங்கள் பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்பே அது தேயத் தொடங்கிவிட்டது!

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் செல்கள் தைமஸுக்கு வந்துதான் டி செல்களாக, அதாவது கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்க்கும் வெள்ளையணுக்களாக, முதிர்கின்றன. அங்கே சோதனை கடுமையானது. நூற்றுக்கு ஐந்து கூடத் தேறுவதில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1846, வட அட்லாண்டிக்கில் ஃபாரோ தீவுகள். அங்கே தட்டம்மை பரவி, ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். விசாரிக்கப் போனவர் பீட்டர் பானும் என்ற டென்மார்க் மருத்துவர். வயது 25. படகேறி ஊர் ஊராகப் போய் விசாரித்தவருக்கு ஒன்று புரிந்தது: சில முதியவர்களை நோய் தொடவே இல்லை. எல்லோரும் 1781-இல் வந்த தட்டம்மையில் சிறுவயதில் விழுந்து எழுந்தவர்கள். இடையில் 65 ஆண்டுகள் அந்த நோய் தீவை எட்டிப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட 98 பேரைத் தாமே நேரில் பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். அன்று தப்பித்திருந்த முதியவர்களோ இப்போது நோயில் விழுந்தார்கள். அதே வயது, அதே தீவு! இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆக, முதுமையில் பழைய பாடம் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. குறைவது புதுமுக டி செல்கள்தான். தைமஸில் கொழுப்பு படியப் படிய அவற்றின் வரத்து வற்றுகிறது. இருப்பவை தங்களையே பிரதியெடுத்து எண்ணிக்கையைச் சமாளிக்கின்றன; ஆனால் வகை குறைந்துவிடுகிறது. இதுவரை பார்த்தறியாத கிருமி வந்தால், அதை அடையாளம் காணும் செல் கிடைப்பது கடினமாகிறது. போதாக்குறைக்கு சைட்டோமெகலோ வைரஸ்: பலருடைய உடலில் ஓசையின்றிக் குடியிருக்கும் அதைக் காவல் காக்கவே நினைவு டி செல்களில் (முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருப்பவை) பெரும் பங்கு போய்விடுகிறது.

எல்லா நினைவும் தட்டம்மை நினைவுபோல உறுதியானதும் அல்ல. சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பதுங்கியே இருக்கும். அதை அடக்கி வைத்திருக்கும் டி செல்கள் வயதோடு தளர்ந்ததும், அக்கியாக வெளிவந்து நரம்பு நெடுக எரியும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பும் துணைப்பொருள் சேர்த்துச் செய்யப்பட்டது. ஆய்வுகளில் 70 வயதைக் கடந்தவர்களிடமும் ஏறத்தாழ 90 சதவீதம் பலன் தந்தது. உங்கள் வீட்டில் 50 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் இந்த வீடியோவை இன்றே காட்டுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அக்கித் தடுப்பூசி பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.