மூன்று வருடப் பணம், ஐந்து வருட ஆராய்ச்சி

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் கான்கிரீட் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவன். கடலோரக் கட்டடங்களில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது, அதை எப்படித் தள்ளிப்போடலாம் என்பதுதான் என் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார்: "இதுக்கெல்லாம் காலேஜே செலவு பண்ணிடும்ல சார்?"

கல்லூரி இடம் தரும், கரண்ட் தரும், எனக்குச் சம்பளம் தரும். கருவிக்கும் ரசாயனத்துக்கும் ஆய்வு மாணவரின் உதவித்தொகைக்கும் பெரும்பாலும் வெளியே எழுதிப்போட்டுத்தான் வாங்க வேண்டும். எங்கே எழுதிப்போடுவது?

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1971இல் வந்தது. அதன்கீழ் இயங்கிய ஒரு குழுதான் வெகுகாலம் இந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுத்தது. 2008இல் சட்டம் போட்டு 'செர்ப்' என்ற வாரியத்தை அமைத்தார்கள். 2023இல் இன்னொரு சட்டம். 2024 பிப்ரவரியிலிருந்து செர்ப் இருந்த இடத்தில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. இதன் ஆட்சிக்குழுவுக்குத் தலைவர் பிரதமரே. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்பது இலக்கு. அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து, கம்பெனிகளிடமிருந்தும் நன்கொடையாகவும் வர வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குப் போகிறது. அதிலும் தனியார் பங்கு பாதிக்கும் குறைவு. அதனால் அந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் துணிச்சலானதாகவே படுகிறது.

கல்லூரி ஆராய்ச்சிக்கு இஸ்ரோ பணம் தரும் 'ரெஸ்பாண்ட்' திட்டம் மாதிரி வேறு கதவுகளும் உண்டு. ஆனால் எந்தக் கதவைத் தட்டினாலும் இரண்டு வழிதான். ஒன்றில் கேள்வி நம்முடையது: நாம் எழுதி அனுப்புவோம், முகம் தெரியாத நிபுணர்கள் படிப்பார்கள், குழு முடிவு செய்யும். இன்னொன்றில் கேள்வியை அரசே வைக்கும். 2018இல் 3,660 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற சைபர்-பிசிக்கல் இயக்கம், அதாவது கணினியையும் இயந்திரங்களையும் பிணைக்கும் தொழில்நுட்பத்துக்கான தேசிய இயக்கம், அப்படிப்பட்டது. நாடு முழுக்க 25 மையங்கள். அதில் ஒன்று சென்னை ஐஐடியின் 'பிரவர்த்தக்'. இந்த இரண்டாவது வழியில் பணம் பெரியது. ஆனால் துருப்பிடிக்கிற கம்பிக்கு யாரும் தேசிய இயக்கம் ஆரம்பிப்பதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு முதல் வழிதான்.

சரி, பணம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரே மூட்டையாக வராது. கருவிக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு, வாங்கித் தீர்க்கும் பொருளுக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு என்று தலைப்பு தலைப்பாக வரும். கருவித் தலைப்பில் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுத்து ஆளுக்குச் சம்பளம் கொடுத்துவிட முடியாது. மார்ச் 31 வந்தால், பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ், நாங்கள் 'யூ.சி.' என்போம். அது போகாவிட்டால் அடுத்த தவணை வராது. வங்கியில் கிடந்த பணத்துக்கு வட்டி வந்தால் அதையும் அரசுக்கே திருப்பிக் கட்ட வேண்டும். பொதுப்பணம், கணக்கு கேட்பதில் தப்பே இல்லை.

எனக்கு இடிக்கிறது வேறொன்று. இந்தத் திட்டங்கள் பொதுவாக மூன்று வருடம். ஒரு முனைவர் பட்டத்துக்கு எங்கள் துறையில் சாதாரணமாக ஐந்து வருடம் ஆகிறது. ஆய்வு மாணவருக்கு முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. 2023இல் உயர்த்தினார்கள், நல்ல காரியம். திட்டம் முடிந்தபின் அந்த மாணவர் என்ன செய்வார்?

கான்கிரீட்டுக்கோ இந்த நாட்காட்டி எதுவும் தெரியாது. கட்டியின் வலிமையை 28 நாளில் பார்த்துவிடலாம். ஆனால் உப்புத்தண்ணீரை ஊற்றி, காயவிட்டு, மறுபடி ஊற்றி, உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும்வரை காத்திருப்பது வருடக்கணக்கு வேலை. கலவை நன்றாக இருந்தால் இன்னும் தாமதமாகும். அதாவது, என் ஆராய்ச்சி ஜெயிக்க ஜெயிக்க முடிவு தள்ளிப்போகும்!

ஒருமுறை டெண்டர், மறுடெண்டர் என்று இழுத்து, கம்பியின் அரிமானத்தை, அதாவது துருப்பிடிப்பதை, அளக்கும் கருவி வந்து சேர்ந்தபோது இரண்டாம் வருடம் முடியும் தறுவாய். அதற்காக எடுத்த பையன் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் தங்கை கல்யாணம். 2025 ஜூனில் ஆராய்ச்சிக் கருவிகள் வாங்கும் விதிகளைத் தளர்த்தியிருக்கிறார்கள்: விலைப்புள்ளி கேட்காமலே வாங்கும் உச்சவரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாகியிருக்கிறது. இது முன்பே வந்திருந்தால் எங்கள் சில்லறைச் சாமான்களாவது சீக்கிரம் வந்திருக்கும். அந்தப் பெரிய கருவிக்கு இப்போதும் டெண்டர்தான்.

அந்தத் திட்டம் முடிந்து அறிக்கையும் கொடுத்தாயிற்று. சோதனைக்கு வார்த்த கான்கிரீட் பலகைகள் மட்டும் ஆய்வுக்கூட மொட்டைமாடியில் இன்னும் வரிசையாக இருக்கின்றன. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேர் முறை வைத்து உப்புத்தண்ணீர் ஊற்றுகிறார்கள். போன வாரம் ஒன்பதாம் எண் பலகையில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று தெரிய ஆரம்பித்திருக்கிறது. உப்பு மூட்டை என் செலவு.

நன்றி, வணக்கம்.