கணவாய், கிணறு, கரண்ட்

நேயர்களுக்கு வணக்கம். கொங்கு நாட்டு அரசியல் என்றதும் எந்தக் கட்சிக்கு எத்தனை தொகுதி, யாருக்கு இது கோட்டை என்றுதான் பேச்சு போகும். எனக்கு அதில் அவ்வளவு நாட்டமில்லை. அந்தக் கணக்கு தேர்தலுக்குத் தேர்தல் மாறும். மாறாத இரண்டைப் பற்றிப் பேசலாமென்று வந்தேன். ஒன்று, மேற்கே நிற்கிற மலை. மற்றொன்று, அந்த மலையில் இருக்கிற ஓட்டை.

ஓட்டை என்று நான் சொல்வது பாலக்காட்டுக் கணவாயை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுப்போயிருக்கிறது. ஆடி மாதம் பல்லடம், உடுமலைப் பக்கம் டூவீலர் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வண்டியைக் காற்றுக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்தபடியேதான் போக வேண்டும். காற்று வரும், மழை வராது. மழையை வால்பாறையும் கேரளத்துச் சரிவும் வாங்கிக்கொள்ளும். காங்கயம், தாராபுரம் பக்கம் வருடத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும்.

காற்று வருகிற வழியில்தான் ஆட்களும் வந்தார்கள். மேற்குக் கடற்கரையில் இறங்கிய ரோம வணிகம் இந்த வழியாகத்தான் பழைய வணிக ஊர்களான கொடுமணலுக்கும் கரூருக்கும் போனது. நம் காடுகளில் உழும்போது ரோமானியக் காசு கிடைப்பது அதனால்தான். சுண்டக்காமுத்தூர் பக்கம் பாறையில் ராஜகேசரிப் பெருவழி என்று சோழர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அதுவும் இந்தக் கணவாய்க்குப் போகிற பாதைதான். அப்புறம் படைகள். ஹைதர் அலி 1766-ல் பாலக்காட்டில் கோட்டை கட்டினார். மைசூரிலிருந்து இறங்கக் கஜல்கட்டிக் கணவாய், மலபாருக்குப் போக இந்தக் கணவாய், நடுவில் நாம். 1790-ல் ஆங்கிலேயர் கோவையைப் பிடித்தார்கள், திப்பு மீட்டார். 1799-ல் மொத்தமும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. சேரர், சோழர், பாண்டியர், ஒய்சளர், மைசூர்க்காரர் என்று எல்லாருக்கும் இந்த மண் வேண்டியிருந்தது. ஆனால் சேரரின் கரூரை விட்டால், பெரிய பேரரசு எதற்கும் இது தலைநகராக இருந்ததில்லை. முடிவு பெரும்பாலும் வெளியூரில்தான் எடுக்கப்பட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இப்போது கிணற்றுக்கு வருகிறேன். என்னைப் பேச விட்டால் கிணற்றுக்குத்தான் வருவேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். தஞ்சாவூரில் தண்ணீர் தானாக வயலுக்கு வரும். அங்கே சண்டை நிலத்துக்கு, கூலிக்கு. இங்கே நிலம் இருந்தாலும் தண்ணீர் பூமிக்குள் கிடக்கிறது. பாறையை வெடி வைத்து உடைத்து, அறுபது அடி, எழுபது அடி இறங்க வேண்டும். இறங்கினாலும் அதை மேலே கொண்டு வரக் கவலை ஓட்ட வேண்டும். இளையவர்கள் கவலையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டுச் சால், அதாவது தண்ணீர் மொள்ளும் பெரிய பாத்திரம், மேலே வரும். அதன் அடியில் இருக்கிற தோல் குழாயான தும்பி வாய் விரிந்து, தண்ணீர் சளேரென்று வாய்க்காலில் கொட்டும். எருதுகள் பின்னாலேயே நடந்து மேடேறும். மறுபடி இறங்கும். விடியற்காலை இருட்டில் தொடங்கி, வெயில் ஏறும் வரை. ஓட்டுகிறவர் வடத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு பாட்டுப் பாடுவார். அத்தனை பாட்டுக்கும் உழைப்புக்கும் ஒரு நாளில் நனைவது அரை ஏக்கர் இருந்தால் பெரிது.

1932-ல் பைக்காராவில் மின்சாரம் எடுத்தார்கள். அதே நீலகிரி! மழையைத் தடுத்த மலை கரண்டைக் கொடுத்தது. கோவையில் மில்கள் பெருகின. அந்த மில்களுக்கு உதிரிபாகம் செய்த பட்டறைகளில் பிறகு மோட்டார் பம்பும் செய்தார்கள். எருது போய் மோட்டார் வந்தது, தோட்டத்துக்குத் தோட்டம் மோட்டார் ரூம் எழுந்தது.

என் பேச்சின் முக்கியமான இடம் இதுதான். தண்ணீர் வாய்க்காலில் வந்தால் விவசாயி நீர்வளத் துறையிடம் சண்டை போடுவார். தண்ணீர் மோட்டாரில் வந்தால் மின்சார வாரியத்திடம்தான் சண்டை. கட்டணம் யூனிட்டுக்கு ஓரிரு பைசா ஏறினாலும் எழுபது அடிக் கிணற்றுக்காரருக்கு அது உயிர்ப் பிரச்சினை. 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது இதற்காகத்தான். மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைக்குள் மாட்டு வண்டிகள் வந்து சாலைகளை அடைத்தன. கரண்ட் கட்டணம் சென்னையில் முடிவாகிறது. முன்பு மைசூர்க்காரர் காலத்தில் அவர்கள் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வரி முடிவானதுபோல. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் வந்தது. அதை எந்தக் கட்சி தொடும், சொல்லுங்கள்? இன்றுகூடத் தோட்டத்தில் போனை எடுத்ததும் முதல் கேள்வி, மோட்டார் ஓட வேண்டிய மும்முனைக் கரண்டைப் பற்றித்தான்: "த்ரீ பேஸ் வந்துருச்சுங்களா?"

வாய்க்கால் இல்லாமல் இல்லை. காலிங்கராயன் வாய்க்கால் இருக்கிறது, 1955-ல் வந்த பவானிசாகர் அணை இருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா என்று நம்மவர்களே இரண்டு பட்டு நிற்கிறோம் அல்லவா, அங்கேயும் கிணறுதான். கசிவு நின்றால் கிணறு வற்றும் என்கிறார் வாய்க்காலை ஒட்டிய தோட்டக்காரர். கசியவிட்டால் எனக்குத் தண்ணீரே வராது என்கிறார் கடைமடைக்காரர். இரண்டும் நியாயம். எனக்குக் கசிவுக்காரர் பக்கம்தான் சாய்வு, மறைப்பானேன்.

மலைக்கு அந்தப் பக்கத்தையும் மறக்கக் கூடாது. கோவை குடிக்கிற சிறுவாணியின் அணை கேரளத்தில் இருக்கிறது. பரம்பிக்குளம் தண்ணீர் 1970 ஒப்பந்தத்தால் வருகிறது. திருவனந்தபுரத்தில் ஒரு கையெழுத்து தாமதமானால் பொள்ளாச்சியில் தென்னை காயும்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப்புறம் நேரமாகிவிட்டது என்று மணிக்கட்டைக் காட்டுகிறார்கள். பருத்தியைத் தனியாக எடுத்துப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கே பருத்தி விலை எகிறியது. 2025 ஆகஸ்டில் அதே அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர் நின்றது. சாயக்கழிவால் நொய்யல் கெட்டு, 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதையும் இதில் சேர வேண்டியது. அதற்கு இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.