ரத்தம் கொடுத்தவரைப் பார்த்துக்கொண்ட அண்ணன்

பெரியோர்களே, அண்ணன் வீட்டாரே, பல வருஷமாக ரத்தம் கொடுத்துவரும் நண்பர்களே, வணக்கம்.

நம்மை விட்டுப் போன அண்ணன் ஏற்பாடு செய்த ரத்தத்தால் பிழைத்தவர்களைப் பற்றி முன்னால் பேசியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். கொடுக்கப் போனவர்களை அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று நான் சொல்கிறேன். நானும் அப்படிப் போய்ச் சேர்ந்த ஆள்தான்.

போனை எடுத்ததும், "சாப்டியா தம்பி?" என்பார். நலம் விசாரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வெறும் வயிற்றோடு கொடுத்தால் தலை சுற்றுமே, அதற்காகக் கேட்பது. இல்லையென்றால், "நாலு இட்லியத் தின்னுட்டு வா, நான் வாசல்ல நிக்கிறேன்." மதுரை பெரியாஸ்பத்திரி வாசலில் சொன்னபடி நிற்பார். கக்கத்தில் நீளமான கணக்கு நோட்டு இருக்கும். பெயர், குரூப், கடைசியாகக் கொடுத்த தேதி, நைட் ஷிப்டுக்காரரா, வண்டி உண்டா, எல்லாம் அதில் உண்டு. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும், நாமே வலியப் போனாலும் விடமாட்டார்.

ஒரு முகாமில் கல்லூரிப் பிள்ளை ஒருத்திக்கு ஹீமோகுளோபின் 11தான் இருந்தது. 12.5 இருந்தால்தான் எடுப்பார்கள். தோழிகள் எல்லாம் உள்ளே போய்விட, இவள் மட்டும் வெளியே கண் கலங்கி நின்றாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். "உன் ஒடம்புக்கே பத்தலைங்குதும்மா. மொதல்ல டாக்டரைப் பாரு, நீ தேறு. ஊருக்கு அப்புறம் குடுக்கலாம்." பிறகும் போன் போட்டு விசாரித்தார். ரத்தம் கேட்டு அல்ல, மாத்திரை சாப்பிடுகிறாளா என்று.

மேடையில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தலைவர் பிறந்தநாளுக்கு ஒரே நாளில் ஊரையே படுக்கவைத்து எடுக்கிற முகாம்கள் அவருக்குப் பிடிக்காது. சிவப்பணுவைக் குளிர்பெட்டியில் ஐந்தாறு வாரம் வைத்திருக்கலாம். டெங்குக்காரர்களுக்கு ஏற்றுகிற பிளேட்லெட்டுக்கு ஆயுசு ஐந்தே நாள். "ஆடியில எடுத்தது ஐப்பசி டெங்குக்கு ஆகுமாடா?" என்று கேட்பார். அந்த முகாம் நடக்கிறபோதெல்லாம் வெளியே நின்று, பாதிப் பேரிடம், "நீங்க இன்னைக்கு வேணாம், நான் கூப்பிடுறப்ப வாங்க" என்று நம்பர் வாங்கிக்கொண்டிருப்பார். ஏற்பாட்டாளர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

காசுக்கு ரத்தம் விற்றவர்களை இளவயதில் பார்த்தவர் அவர். உச்ச நீதிமன்றம் சொல்லி 1998 ஜனவரி 1 முதல் அது தடையானது. அதனால் நோயாளி வீட்டார் நன்றியில் ரூபாயை நீட்டினால் முகம் மாறிவிடும். "டீ வாங்கிக் குடுங்க, போதும்."

அந்த டீக்கடையில்தான் நாங்கள் பழகினோம். பிறகு ஞாயிற்றுக்கிழமை கேரம் போர்டு. இங்கே எல்லாரும் அவரை உத்தமர் என்றீர்கள். கேரமில் அவர் சுத்த அழுகுணி. சிவப்புக் காயைப் போட்டுவிட்டுப் பின்காய் போடாமலே கணக்கில் சேர்த்துக்கொள்வார். கேட்டால், "பெரியவன்கிட்ட கணக்குக் கேக்குறியா?" அப்பா ஐசியுவில் கிடந்த நாட்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து, ஒன்றுமே பேசாமல் என்னோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அப்பாவுக்கு ரத்தம் தேவைப்படவே இல்லை.

நோட்டை வீட்டார் எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். குரூப் வாரியாகப் பிரித்து ஆளுக்கொன்றாகப் பார்த்துக்கொள்வதாக முடிவு. வாசல் மேசையில் விரித்து வைத்திருக்கிறது. பழைய நம்பர் மாறியிருந்தால் திருத்துங்கள், கடைசியாகக் கொடுத்த தேதியை எழுதுங்கள். நெகட்டிவ் குரூப்காரர்கள் என்னைப் பார்க்காமல் போய்விடாதீர்கள். சாப்பாடு மாடியில்.