கேம் போட்டுக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம்

வணக்கம். "எல்லாரும் ஆடுறாங்க, எனக்கு மட்டும் இல்ல"ன்னு பசங்க நச்சரிக்கும்போது நம்ம என்ன பண்றோம், ஒண்ணு பட்டுன்னு வேணாம்னு சொல்றோம், இல்லன்னா தொல்லை விட்டா போதும்னு போட்டுக் குடுத்துடுறோம். நடுவுல ஒரு பத்து நிமிஷ வேலை இருக்கு, இந்த வீடியோ அதைப் பத்திதான்.

(திரையில்: ஸ்டோர் பக்கத்துல கேம் பேருக்குக் கீழ இருக்குற வயசுக் கட்டம்)

இந்த வயசுக் கட்டம் சும்மா வரல. 1993ல மார்ட்டல் காம்பாட் மாதிரி ரத்தம் தெறிக்கிற கேம் எல்லாம் அமெரிக்க செனட் வரைக்கும் பஞ்சாயத்துக்குப் போச்சு, அரசாங்கமே சட்டம் போட்டுருமோன்னு கம்பெனிக்காரங்களே சேர்ந்து 1994ல கேமுக்கு வயசு ரேட்டிங் குடுக்குற ஈஎஸ்ஆர்பிங்கிற அமைப்பை ஆரம்பிச்சாங்க. அதுல 'ஈ'ன்னா எல்லாருக்கும், 'டி'ன்னா 13லேர்ந்து, 'எம்'னா 17லேர்ந்து. ஐரோப்பாவுல 2003லேர்ந்து பெகின்னு இதே மாதிரி ஒரு வயசு ரேட்டிங், அங்க 3, 7, 12, 16, 18ன்னு நேரா நம்பரே போட்டுடுவாங்க, எனக்கு அதுதான் வசதி.

ஆனா இதை மட்டும் பாத்துட்டு இன்ஸ்டால் அமுக்கிடாதீங்க. ரத்தம், கெட்ட வார்த்தை, பயமுறுத்துற காட்சி, இதெல்லாம் இருக்கான்னு அந்த வயசு சொல்லும். உங்க பிள்ளைக்கு ஆடத் தெரியுமான்னு சொல்லாது, செஸ் கேமுக்குக் கூட 3ன்னு போட்டுருக்கும். ஆன்லைன்ல யார் வந்து பேசுவாங்கன்னும் சொல்லாது. கார் ரேஸ்ல ஒரு சொட்டு ரத்தம் இருக்காது, ஆனா தோத்த கடுப்புல எவனோ வாய்ஸ் சாட்ல திட்டுறது புள்ள காதுலதான் விழும். அதனால செட்டிங்ஸ் போயி வாய்ஸ் சாட்டை ஆஃப் பண்ணுங்க, இல்ல ஃப்ரெண்ட்ஸ் மட்டும்னு மாத்துங்க.

அடுத்தது காசு, இங்கதான் நிறைய பேர் மாட்டுறது.

(திரையில்: கேமுக்குள்ள இருக்குற கடை, கலர் கலரா வைரக்கல்)

ஃப்ரீ கேம்னா எங்கயோ வசூல் பண்ணித்தானே ஆகணும். உள்ள போனா நேரா காசுல விலை இருக்காது, ஜெம்ஸ், காயின்னு ஏதாவது ஒண்ணு. கேம்ல வர்ற கேரக்டருக்கு ஒரு டிரஸ் 800 ஜெம்ஸ்னு வச்சுக்கங்க, ஜெம்ஸ் பேக் 500லயும் 1000லயும்தான் விப்பாங்க, அப்ப 1000 வாங்கணும், மிச்சம் 200 கையில நிக்கும், அதை வீணாக்க வேணாமேன்னு இன்னொரு பேக், இப்படியே போகும். பெரியவங்களுக்கே நிஜக் காசு எவ்வளவு போச்சுன்னு கணக்கு தப்பும், பத்து வயசுப் புள்ளைக்கு எப்படித் தெரியும்? என்ன வரும்னே தெரியாம வாங்குற லூட் பாக்ஸ் இதை விட மோசம், 2018ல பெல்ஜியம் காசு குடுத்து வாங்குற லூட் பாக்ஸை சூதாட்டம்னே சொல்லிடுச்சு. ஃபோர்ட்நைட் நடத்துற எபிக் கேம்ஸ் 2022 டிசம்பர்ல வாங்குறவங்களை ஏமாத்தாம பாத்துக்குற அமெரிக்க அரசு அமைப்பு எஃப்டிசி கூட 52 கோடி டாலருக்கு செட்டில்மென்ட் பண்ணுச்சு, அதுல 24.5 கோடி, பட்டனை குழப்பமா வச்சு தெரியாம வாங்க வச்சாங்கங்கிற புகாருக்கு.

போன்ல கார்டு நம்பரை சேவ் பண்ணி வைக்காதீங்க. ஆண்ட்ராய்டா இருந்தா பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேக்குற மாதிரி வைங்க, ஐபோன்ல ஸ்கிரீன் டைம் உள்ள போனா இன்-ஆப் பர்ச்சேஸையே மொத்தமா நிறுத்திடலாம். பிளேஸ்டேஷன் மாதிரி டிவியில மாட்டி ஆடுற கன்சோல்லயும் இதுக்கெல்லாம் பேரன்ட்டல் கன்ட்ரோல் இருக்கு.

இப்ப நேரம். மணி எட்டாச்சு, குடுன்னு போனைப் புடுங்குனா ஏன் அப்படிக் கத்துறாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? ஆன்லைன் மேட்சுல பாஸ் பட்டன் கிடையாது, கூட ஆடுற மூணு பேரை நடுவுல விட்டுட்டு வரணும், சில கேம்ல பாதியில கிளம்பினா பாயின்ட் போகும், கொஞ்ச நேரம் உள்ளயே விடமாட்டான். அதனால "எட்டு மணி வரைக்கும்"னு சொல்றத விட "ரெண்டு மேட்ச்"னு பேசிக்கிறது வேலைக்காகும், ஒரு மேட்ச் எவ்வளவு நேரம் ஓடும்னு முதல்லயே கேட்டு வச்சுக்கங்க. இடையில சேவ் பண்ற கேம்னா இந்தப் பிரச்னையே இல்ல, சின்னப் பசங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அடிமையாயிட்டானோன்னு உடனே பயப்படாதீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐசிடி-11ல கேமிங் டிஸார்டர்னு ஒண்ணு இருக்கு, 2022லேர்ந்து நடைமுறையில, ஆனா அதுக்கு கட்டுப்படுத்தவே முடியாம, படிப்பு, பழக்கவழக்கம் எல்லாம் அடிவாங்கி, பொதுவா 12 மாசமாவது அப்படியே போயிருக்கணும். லீவு நாள்ல மூணு மணி நேரம் ஆடுனது அந்தக் கணக்குல வராது. தூக்கம் கெடுதா, முன்னாடி புடிச்சதெல்லாம் இப்ப வேணாங்குறாங்களா, அதைக் கவனிங்க.

கடைசியா, பக்கத்துல உக்காந்து நீங்களும் ஆடுங்க. மைன்கிராஃப்ட்னா பீஸ்ஃபுல்ங்கிற ஈஸி மோடுல வச்சு ஆரம்பிங்க, ராத்திரியில ஜாம்பி வந்து அடிக்காது, கன்சோல்ல ஸ்கிரீனை ரெண்டாப் பிரிச்சு சேர்ந்தே ஆடலாம், எந்த பட்டன் எதுக்குன்னு தெரியலன்னா பக்கத்துல இருக்குறவங்களைக் கேளுங்க, திட்டிக்கிட்டேயாவது சொல்லிக் குடுப்பாங்க.