யாழ்ப்பாணத்தின் நான்கு வெற்று இடங்கள்: 1931 தேர்தலின் கதை

[திரையில்: இலங்கை வரைபடம். நாடு முழுக்க நிறம் பரவுகிறது. வடமுனையில் நான்கு தொகுதிகள் மட்டும் வெள்ளையாகவே இருக்கின்றன.]

1931 மே 4. இலங்கையில் வேட்புமனுக் கொடுக்கும் நாள். 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும், எழுதப் படிக்கத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், சொத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாக்களிக்கப்போகிற தேர்தல். ஆசியாவில் இருந்த எந்தப் பிரிட்டிஷ் காலனிக்கும் அதுவரை கிடைக்காத உரிமை. இந்தியாவுக்கே இது கிடைக்க இன்னும் 20 வருடம் ஆனது.

மொத்தம் 50 தொகுதிகள். அதில் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை இந்த நான்கிலும் ஒரு மனுகூட வரவில்லை.

நிற்பதற்கு ஆளா இல்லை? பெயரும் பணமும் ஆதரவும் உள்ள பெரிய மனிதர்கள் தயாராகத்தான் இருந்தார்கள். ஆனால் பள்ளிக்கூட வாத்தியார்களும் மாணவர்களும் நடத்திய ஓர் இளைஞர் அமைப்பு, "இந்தத் தேர்தல் வேண்டாம்" என்று சொல்லிவிட்டது. பெரியவர்கள் விலகிக்கொண்டார்கள்.

தமிழர்கள் அன்றைக்கே பிரிந்து போகப் பார்த்தார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பான்மைக்குப் பயந்து ஒதுங்கினார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் அந்த வாத்தியார்களுக்குச் செய்யும் அநியாயம். அவர்கள் கேட்டது இலங்கை முழுவதற்குமான முழுச் சுதந்திரம். இந்த வீடியோவை நான் செய்வதே அதைச் சொல்லத்தான்.

[திரையில்: 1927. கொழும்புத் துறைமுகம்.]

நான்கு வருடம் பின்னால் போவோம். 1927 நவம்பரில் லண்டனிலிருந்து ஓர் ஆணைக்குழு கொழும்பில் வந்து இறங்கியது. தலைவர் டொனமூர் பிரபு. இலங்கையின் அரசியலமைப்பை எப்படித் திருத்தலாம் என்று பார்ப்பது வேலை. 1928 ஜனவரியில் திரும்பிப் போய்விட்டார்கள். இரண்டு மாதம்தான். ஆனால் அவர்கள் எழுதிய அறிக்கை, இலங்கை அரசியலைத் தலைகீழாக்கியது.

அதுவரை யாருக்கு வாக்கு இருந்தது? எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், குறிப்பிட்ட வருமானமோ சொத்தோ இருக்க வேண்டும், ஆணாகவும் இருக்க வேண்டும். இத்தனையும் தாண்டி வந்தவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர். சுமார் 2 லட்சம்.

ஆணைக்குழு முன்னால் இலங்கைத் தலைவர்கள் சாட்சி சொன்னார்கள். அவர்கள் கேட்டது அதிக அதிகாரம். எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்று இலங்கைத் தேசிய காங்கிரஸ் கேட்கவில்லை. மாதம் 50 ரூபாய் சம்பாதிப்பவர்களுக்கு என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. எல்லோருக்கும் வேண்டும் என்று துணிந்து கேட்டவர்கள் ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தார்தான்.

அப்புறம் பெண்கள். பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் ஆக்னஸ் டி சில்வா போய்ப் பேசினார். "தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள்?" என்று டொனமூர் பிரபு கேட்டிருக்கிறார். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்பது அவர் சொன்ன பதில். வசதியாக வாழ்ந்த ஒரு பெண்மணி, மலையில் கொழுந்து பறிக்கிற பெண்ணை நினைத்து இதைச் சொன்னார். இந்தப் பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம்.

அதிகாரம் கேட்டுப் போனவர்களிடம், முதலில் உங்கள் மக்களுக்கு வாக்கைக் கொடுங்கள் என்றது ஆணைக்குழு. நாலு சதவீதம் பேரின் பிரதிநிதிகளிடம் ஆட்சியைக் கொடுத்தால் அது ஒரு சின்னக் கூட்டத்தின் ஆட்சியாகிவிடும், ஏழைகளுக்கான சட்டம் ஒன்றும் வராது என்பது அவர்கள் வாதம். காலனி ஆட்சியாளர்கள் சொன்னதுதான், ஆனால் சரியான வாதம் என்றே நினைக்கிறேன். பெண்களுக்கு 30 வயது என்று அறிக்கை சொன்னது, பிறகு அதுவும் 21 ஆனது. பிரிட்டனிலேயே பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்கு வந்தது 1928இல்தான்.

இத்தோடு இன்னொன்றையும் செய்தார்கள். இனவாரிப் பிரதிநிதித்துவத்தை எடுத்துவிட்டார்கள். இனி தமிழருக்கு இத்தனை, முஸ்லிம்களுக்கு இத்தனை என்ற கணக்குக் கிடையாது. தொகுதி, வாக்கு, வெற்றி. அவ்வளவுதான்.

இங்கேதான் தமிழ்த் தலைவர்களுக்கு அடிவயிறு கலங்கியது. கலங்கியதற்குக் காரணமும் இருந்தது. 1919இல் தேசிய காங்கிரஸ் தொடங்கியபோது முதல் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் இடம் தருவதாகச் சொன்ன வாக்குக் காப்பாற்றப்படவில்லை என்று 1921இல் அவரே வெளியேறினார். அந்தப் புண் ஆறியிருக்கவில்லை. அவருடைய அண்ணன் பொன்னம்பலம் இராமநாதன் இந்தத் திட்டத்தை முழுமூச்சாக எதிர்த்தார். இனவாரி இடங்கள் போனதை மட்டுமல்ல, எல்லோருக்கும் வாக்கு என்பதையே எதிர்த்தார். முதிய வயதில் லண்டன் வரை போய் வாதாடிவிட்டு வந்து, 1930 நவம்பரில் காலமானார். அவர் தமிழருக்குச் செய்தவை பல. ஆனால் சாதாரண மனிதன் கையில் வாக்கைக் கொடுக்கக் கூடாது என்றது அவருடைய பெரிய பிழை. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

1929 டிசம்பரில் சட்டசபை இந்தத் திட்டத்தை ஏற்றது. ஆதரவாக 19, எதிராக 17. இரண்டே வாக்கு வித்தியாசம்.

[திரையில்: சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலப் பெட்டிகள் வரிசையாக.]

வாக்காளர் தொகை 2 லட்சத்திலிருந்து 15 லட்சத்துக்கு மேல் போய்விட்டது. இவர்களில் நிறையப் பேருக்கு எழுத்தே தெரியாது. பெயரை அச்சடித்துக் கொடுத்தால் எப்படிப் படிப்பார்கள்? அதற்குக் கண்டுபிடித்த வழிதான் நிறம். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள்ளே போனால், பெட்டிகள் வரிசையாக இருக்கும். தனக்கு வேண்டியவரின் நிறப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான்.

அதுவரை ஊர்ப் பெரியவர் முன்னால் தோளில் துண்டு போட்டுக்கூட நிற்க முடியாத ஒருவர், அந்த மறைப்புக்குள் தனியாக நிற்கிறார். அவர் சீட்டு எந்தப் பெட்டியில் விழுகிறது என்று அந்தப் பெரியவருக்குத் தெரியாது. இந்தக் காட்சியை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

[திரையில்: யாழ்ப்பாணம். பனைமரங்கள். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை.]

சரி, இவ்வளவு நல்லதை யாழ்ப்பாணத்து இளைஞர்கள் ஏன் வேண்டாம் என்றார்கள்?

1924இல் மாணவர் காங்கிரஸ் என்று தொடங்கி, பிறகு வாலிபர் காங்கிரஸ் ஆன அமைப்பு அது. முன்னின்றவர் ஹண்டி பேரின்பநாயகம், மானிப்பாய்க்காரர், பள்ளி ஆசிரியர். காந்தியை மனதில் வைத்துக்கொண்டு கதர் கட்டியவர்கள் இவர்கள். காந்தி 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்ததே இவர்கள் அழைப்பில்தான். ஆங்கிலப் பள்ளிகளில் படித்தும் படிப்பித்தும் வந்தவர்களே தாய்மொழிக் கல்வி வேண்டும் என்றார்கள். சீதனத்தை எதிர்த்தார்கள். சாதியை எதிர்த்தார்கள்.

சாதியை எதிர்ப்பது என்றால் அன்றைய யாழ்ப்பாணத்தில் என்ன பொருள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல பள்ளிக்கூடங்களில் வாங்கில் உட்கார முடியாது. தரையில் உட்கார வேண்டும், சில இடங்களில் அதுவும் வெளியே. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி இருக்கை என்று அரசாங்கம் உத்தரவு போட்டபோது பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. 1930இல் பள்ளிக்கூடங்களுக்கே தீ வைத்தார்கள். ஒரு பிள்ளை வாங்கில் உட்கார்ந்ததற்காக! அந்த ஊரில் நின்றுகொண்டு, சம ஆசனம், சமபந்திப் போசனம் என்று பேசியவர்கள் வாலிபர் காங்கிரஸ்காரர்கள். ஆகவே இராமநாதன் எதிர்த்த காரணமும் இவர்கள் எதிர்த்த காரணமும் ஒன்றாக இருக்க வழியே இல்லை.

இவர்கள் கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது. புதிய அரசாங்க சபையில் மக்கள் தேர்ந்தெடுப்பவர்கள் 50 பேர், தேசாதிபதி, அதாவது பிரிட்டிஷ் ஆளுநர், நியமிப்பவர்கள் 8 பேர். சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரியும், ஒவ்வொரு குழுவின் தலைவரும் மந்திரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிதி, சட்டம், அரச சேவை, வெளி விவகாரம் எல்லாம் மூன்று பிரிட்டிஷ் அதிகாரிகள் கையில். அதற்கும் மேலே தேசாதிபதிக்குச் சட்டத்தைத் தடுக்கவும் அதிகாரம். சாவிக்கொத்து முழுவதும் லண்டனில் இருக்க, வீட்டைக் கூட்டித் துடைக்கும் வேலையைக் கொடுத்த மாதிரி.

அந்த வருடங்களில் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? 1929 டிசம்பரில் லாகூரில் பூரண சுயராஜ்யத் தீர்மானம். 1930இல் தண்டி, வேதாரண்யம், உப்புச் சத்தியாக்கிரகம். வேதாரண்யம் யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பைவிடப் பல மடங்கு பக்கம். அங்கே மக்கள் தடியடி வாங்கிக்கொண்டிருக்கும்போது இங்கே பாதிச் சுதந்திரத்துக்கு மாலை போடுவதா என்று இவர்கள் மனம் கொதித்தது. 1931 ஏப்ரல் மாநாட்டுக்குக் கமலாதேவி சட்டோபாத்யாயா வந்திருந்தார். சுயராஜ்யம் பிறப்புரிமை, இந்தத் திட்டம் அதைத் தரவில்லை, தேர்தலைப் பகிஷ்கரிப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். நாடு முழுவதும் சேர்ந்து புறக்கணிக்கும் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைதான் பொய்த்தது. தெற்கில் சிலர் மனமாரப் பாராட்டினார்கள். லண்டனில் இருந்த இடதுசாரி இளைஞர் பிலிப் குணவர்தன மெச்சி எழுதினார். ஆனால் தெற்கில் ஒரு தொகுதிகூடப் பின்னால் வரவில்லை. 46 தொகுதிகள் ஆள் அனுப்பின, நான்கு அனுப்பவில்லை.

[திரையில்: 58 இருக்கைகள் கொண்ட மண்டபம். நான்கு காலி.]

1931இல் ஏழு மந்திரிகளில் பெரி சுந்தரம் என்ற தமிழர் ஒருவர் இருந்தார், ஹட்டனில் போட்டியின்றி வந்தவர். மாக்கான் மாக்கார் என்ற முஸ்லிம் ஒருவரும் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும் இல்லை. வேலை ஆகவில்லை, குரல் இல்லை என்று ஊரில் முணுமுணுப்பு வளர்ந்தது. 1934இல் இடைத்தேர்தல் நடந்து நான்கு இடங்களும் நிரம்பின. பருத்தித்துறையிலிருந்து உள்ளே போனவர் ஜி.ஜி. பொன்னம்பலம். வாலிபர் காங்கிரஸின் அரசியலுக்கு நேர் எதிரான அரசியல் அவருடையது.

1936இல் வந்தது பேரிடி. மந்திரிகளைக் குழுக்களே தேர்ந்தெடுக்கின்றன அல்லவா? ஏழு குழுவிலும் சிங்கள உறுப்பினர்கள் பெரும்பான்மையாக இருக்கும்படி பங்கிட்டால் ஏழு மந்திரிகளும் சிங்களவர். அப்படியே நடந்தது. ஒரே குரலில் கூடுதல் அதிகாரம் கேட்கத்தான் இப்படிச் செய்தோம் என்றார்கள். ஒரே குரல் வேண்டும் என்றால் மற்றவர்களின் குரலையும் சேர்த்தல்லவா எடுத்திருக்க வேண்டும்? அதன்பிறகு பொன்னம்பலத்தின் "ஐம்பதுக்கு ஐம்பது" கோரிக்கை வடக்கில் தீயாகப் பரவியது. பெரும்பான்மை இனத்துக்குப் பாதி, மற்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பாதி. வாலிபர் காங்கிரஸ் இதையும் எதிர்த்தது. கேட்க ஆளில்லை.

பகிஷ்கரிப்பால்தான் 1936 வந்தது என்று சொல்ல மாட்டேன். அப்போது வடக்கின் உறுப்பினர்கள் சபைக்குள்ளேதான் இருந்தார்கள், அப்படியிருந்தும் நடந்தது. ஆனால் 1931 பகிஷ்கரிப்பு ஒரு தவறு என்றே நினைக்கிறேன். சம ஆசனத்துக்குப் போராடியவர்கள், அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு முதல்முதலாகக் கிடைத்த வாக்கை, சுதந்திரத்தின் பெயராலேயே மூன்று வருடம் கிடப்பில் போட வைத்துவிட்டார்கள். அவர்கள் நோக்கத்தில் ஒரு துளி அழுக்கில்லை. இழப்பு மட்டும் அந்தத் தகப்பனுக்கு.

[திரையில்: பனி மூடிய தேயிலை மலை. கூடை சுமந்த பெண்கள்.]

ஆக்னஸ் டி சில்வா சொன்ன பதிலுக்கு வருவோம். தோட்டத்துத் தமிழர்களுக்கு வாக்கு என்றதும் சிங்களத் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நிரந்தரமாக இங்கேயே வாழ்பவர் என்று காட்ட வேண்டும் என்று நிபந்தனைகள் இறுகின. கடைசியில் ஏழு லட்சம் பேர் அளவில் வாழ்ந்த மலையில், 1931இல் வாக்காளர் பட்டியலில் ஏறியவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம். 1947இல் தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு வருடமே குடியுரிமைச் சட்டம். அதற்கு அடுத்த வருடம் தேர்தல் சட்டத் திருத்தம். சுதந்திர இலங்கை அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. காலனி அரசு அரைகுறையாகக் கொடுத்ததைச் சொந்த நாடு முழுசாகப் பறித்தது.

அதே 1947 தேர்தலில் ஹண்டி பேரின்பநாயகமும் நின்றார். வட்டுக்கோட்டைத் தொகுதி, சுயேச்சை. 1931இல் வாக்களிக்காதீர்கள் என்று சொன்னவர், இப்போது வாக்குக் கேட்டு வந்தார். பொன்னம்பலத்தின் கட்சியான தமிழ்க் காங்கிரஸின் வேட்பாளரிடம் தோற்றார். 1949இல் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகப் போய்ச் சேர்ந்தார். பதினோரு வருடம் அங்கேதான் இருந்தார்.