உங்கள் மூக்கு பெரியது இல்லை, உங்கள் கைதான் குட்டை

(திரையில்: கையில் பிடித்த போனில் எடுத்த ஒரு முகம், அதன் பக்கத்தில் அதே முகம் ஐந்தடி தொலைவிலிருந்து)

மூக்கை அறுவை செய்து சிறிதாக்க வேண்டும் என்று அமெரிக்காவில் மருத்துவர்களிடம் போகிறவர்களில் பலர், சான்றாகத் தாங்கள் எடுத்த செல்ஃபியைக் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். அந்தப் படத்தில் மூக்கு பெரிதாக இருப்பது உண்மைதான். அவர்களுடைய முகத்தில் அது அவ்வளவு பெரிதாக இல்லை என்பதும் உண்மை. இது எப்படி என்று புரிந்துகொண்டால், நம் உடலைப் பற்றி நம் மனத்துக்குள் இருக்கும் படம் எங்கிருந்து வந்தது என்பதும் புரியத் தொடங்கும்.

வணக்கம். தர்மபுரியிலிருந்து பேசுகிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்காய் மண்டியில் எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். மாங்காயை உள்ளங்கையில் வைத்து, கையைக் கேமராவை நோக்கி நன்றாக நீட்டிப் பிடித்தால், அது பூசணிக்காய் அளவுக்குத் தெரியும். பிடித்திருப்பவருக்கும் அது தெரியும், படத்தைப் பார்த்து வாங்க வருகிறவருக்கும் தெரியும். ஆகையால் அங்கே யாரும் ஏமாறுவதில்லை. நம் முகத்தில் அந்த மாங்காயின் இடத்தில் இருப்பது மூக்கு. போனை முப்பது சென்டிமீட்டர் தொலைவில் பிடிக்கும்போது, மூக்கின் நுனி காதைவிடப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் கேமராவுக்கு நெருக்கமாக இருக்கிறது. மொத்தத் தொலைவே முப்பது என்னும்போது இந்தப் பத்து மிகப் பெரிய வேறுபாடு; ஆகவே நடுமுகம் வீங்கியும் காதுகள் ஒடுங்கியும் விழுகின்றன. ஐந்தடி தள்ளிப் போனால், நூற்றைம்பதில் பத்து என்பது கணக்கிலேயே வராது. 2018இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் இதைக் கணக்கிட்டு ஓர் ஆய்வாக வெளியிட்டார்கள்: பன்னிரண்டு அங்குலத்தில் (முப்பது சென்டிமீட்டர்) எடுத்த படத்தில் மூக்கு இருப்பதைவிடச் சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரிகிறது. (எனக்கு இந்த ஆய்வு ஐந்து ஆண்டுகள் முன்பே கிடைத்திருந்தால், கல்லூரிக் காலத்தில் ஒரே பக்கமாகத் திரும்பி நின்ற அத்தனை படங்களும் மிச்சமாகியிருக்கும்.)

அப்படியானால் கண்ணாடியாவது உண்மை சொல்கிறதா என்று கேட்பீர்கள். வலப்பக்க மூக்குத்தியை அது இடப்பக்கத்து மூக்குத்தியாகக் காட்டுகிறது. வகிடும் இடம் மாறுகிறது. 1977இல் நடந்த ஓர் ஆய்வில், பெண்களிடம் அவர்களுடைய படத்தையும் அதையே இடவலம் மாற்றிய படத்தையும் காட்டினார்கள். கண்ணாடியில் தெரிவது போன்ற படமே அவர்களில் பெரும்பாலோருக்குப் பிடித்தது. அவர்களுடைய தோழிகளுக்கோ நேர்ப்படம்தான் பிடித்தது. அவரவருக்குப் பழகிய முகமே அவரவருக்கு அழகு. திருமண ஆல்பத்தைத் திறந்ததும் "இது நானா?" என்று முகம் சுருங்குகிறதே, அது பெரும்பாலும் அழகைப் பற்றிய தீர்ப்பு அன்று, பழக்கக்குறைவு.

எடைக் கணக்கை விரைவாகச் சொல்லி முடிக்கிறேன். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பிஎம்ஐ என்னும் கணக்கின் மூலத்தை 1830களில் உருவாக்கிய அடோல்ஃப் கெட்லே பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியல், புள்ளியியல் அறிஞர். அவர் தேடியது மக்கள் கூட்டத்தின் சராசரியையே, தனி ஆளின் நலத்தை அன்று. இன்றும் அது பயனற்றதாகிவிடவில்லை. ஆசியர்களுக்கு 23க்கு மேலேயே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் 2004இல் சொன்னதற்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் காரணங்கள். ஆனால் அந்த எண் மருத்துவரின் மேசைக்கு உரியது. அதை உறவினர்களின் வாய்க்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

உறவினர்கள் என்றதும், ஓசூரில் தொழிற்சாலை விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்து இறங்கும் நாள் நினைவுக்கு வருகிறது. பையை இறக்கி வைப்பதற்குள் "ஏம்மா இப்படி வத்திப் போயிட்ட?" என்று ஒரு குரலும், "கறுத்துட்டியே" என்று இன்னொரு குரலும் வந்துவிடும். பசியைக் கண்ட தலைமுறைக்கு மெலிவு என்பது நோயின் அடையாளமாக இருந்திருக்கலாம். அந்தக் கேள்வியில் அன்பு இருப்பதையும் நான் மறுக்கவில்லை. நிறத்தைப் பற்றிய சொல்லுக்கு மட்டும் அந்தச் சலுகையைத் தர எனக்கு மனம் வரவில்லை. பதில் சொல்லத் தெரியாவிட்டால், "வேலை எப்படிப் போகுதுன்னு கேளுங்க அத்தை" என்று பேச்சைத் திருப்பிவிடுங்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அத்தையும் கேட்டார்.

திரையின் வலிமை எவ்வளவு என்பதற்கு ஃபிஜித் தீவு சான்று. அங்கே ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது; 1998இல் ஆராய்ந்தபோது, முன்பு ஒருவரும் சொல்லாத ஒன்றை, அதாவது எடை குறைக்க வாந்தி எடுத்ததை, பள்ளி மாணவியரில் 11.3 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள்.

சரி, என்ன செய்வது? உடல் எப்படித் தெரிகிறது என்பதை விட்டுவிட்டு, அது என்ன செய்கிறது என்பதை எழுதிப் பார்க்கச் சொல்லும் பயிற்சி ஒன்று ஆய்வுகளில் பலன் தந்திருக்கிறது. என் அம்மா படம் எடுக்கும்போதெல்லாம் மேல்கை பருமனாகத் தெரிகிறது என்று முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார். எட்டுப் பேருக்குக் கேழ்வரகுக் களியைக் கட்டி விழாமல் மரத்துடுப்பால் கிண்டி இறக்குவது அதே கைதான். ஒருமுறை நான் கிண்டிப் பார்த்தேன். பாதியில் துடுப்பு நின்றுவிட்டது, களியும் அடிப்பிடித்தது. அன்று இரவு அந்தக் கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் காட்டினேன். "இதெல்லாம் ஒரு சமாச்சாரமா" என்றார், ஆனால் தாளைத் திருப்பித் தரவில்லை.

சாப்பாட்டைத் தவிர்ப்பது, வாந்தி எடுப்பது, வெளியே வரவே கூசுவது என்னும் அளவுக்குப் போயிருந்தால், அது எழுதித் தீரும் விஷயம் அன்று. 14416 என்ற எண்ணை அழையுங்கள்; அது டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இந்த வீடியோவை எடுத்த போன் ஐந்தடி தள்ளி இருக்கிறது. என் அறை சிறியது என்பதால் அது இப்போது சமையலறை வாசலில் ஒரு டப்பாவின் மேல் நிற்கிறது. நீங்களும் அதே தொலைவில் வைத்து ஒரு படம் எடுத்து, பழைய செல்ஃபியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூக்குக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் கமெண்ட்டில் எழுதுங்கள், படம் வேண்டாம்.