ஆரத்தித் தட்டில் ஒரு சிவப்பு, குங்குமச் சிமிழில் வேறொரு சிவப்பு

[காட்சி: வெள்ளைச் சட்டையில் சாம்பார் கறை. ஈரமான சோப்பு அதன்மேல் நகர்கிறது. கறை சிவக்கிறது.]

பந்தியில் சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையை வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்க்கிறோம். அதுவரை மஞ்சளாக இருந்த கறை ரத்தச் சிவப்பாக மாறுகிறது. நன்றாக அலசினால் திரும்பவும் மஞ்சள். நம் வீடுகளில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். பார்த்துவிட்டு அடுத்த துணியை எடுத்துவிடுவோம். இன்றைக்கு அப்படி விட்டுவிடாமல், அது ஏன் சிவக்கிறது என்று கேட்டுக்கொண்டே போய்ப் பார்க்கலாம்.

மஞ்சளுக்கு நிறம் கொடுப்பது குர்குமின் என்ற பொருள். ஃபோகல், பெல்லெத்தியே என்ற இருவர் 1815இல் இதை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பு தெரியவர 1910 ஆகிவிட்டது. தண்ணீரில் இது கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். தாளித்த எண்ணெயோடு சேர்ந்து இழைக்குள் புகுந்துவிடுவதால்தான் வெறும் தண்ணீரில் அலசினால் சாம்பார் கறை போவதில்லை.

[காட்சி: குர்குமின் மூலக்கூறின் வரைபடம். இரு முனைகளிலும் வளையம், நடுவே கார்பன் சங்கிலி.]

இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம், அவற்றை இணைக்கும் நீளமான கார்பன் சங்கிலி. இந்தச் சங்கிலி நெடுகப் பரவியிருக்கும் எலக்ட்ரான்கள் வெளிச்சத்தில் உள்ள ஊதா, நீலப் பகுதியை விழுங்கிவிடுகின்றன. மிச்சமிருக்கும் வெளிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. சோப்பில் காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, உண்டு. காரம் பட்டதும் குர்குமினிலிருந்து ஹைட்ரஜன் கழன்றுகொள்கிறது. எலக்ட்ரான்கள் இன்னும் தாராளமாகப் பரவுகின்றன. இப்போது விழுங்கப்படுவது பச்சையை ஒட்டிய பகுதி, அதனால் மிஞ்சுவது சிவப்பு. சோப்பை அலசிவிட்டால் ஹைட்ரஜன் திரும்ப ஒட்டிக்கொள்ளும், மஞ்சளும் திரும்பிவிடும். துவைத்த துணியை ஈரத்தோடு நல்ல வெயிலில் போடுங்கள். வெயில் குர்குமினையே உடைத்துவிடும், சோப்புக்கு மசியாத கறையும் மங்கிப்போகும்.

இந்த நிறமாற்றத்தை வைத்து ஒரு பொருள் காரமா இல்லையா என்று கண்டுபிடிக்கலாம். நம் பள்ளிப் பாடத்தில் செம்பருத்திப் பூச்சாற்றோடு மஞ்சள் தாளும் (மஞ்சள் கரைசலில் தோய்த்து உலர்த்திய தாள்) வருவது அதற்காகத்தான். ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயின் மேசையிலும் மஞ்சள் தாள் இருந்தது என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தரும் செய்தி. மின்சாரம் உப்புக்கரைசலை எப்படிப் பிரிக்கிறது என்று அவர் லண்டனில் ஆராய்ந்து 1833இல் எழுதினார். ஒரு பக்கம் மஞ்சள் தாள், இன்னொரு பக்கம் லிட்மஸ் தாள், இரண்டையும் சோடியம் சல்ஃபேட் கரைசலில் நனைத்து மின்சாரம் செலுத்தினார். காரம் சேர்ந்த முனையில் மஞ்சள் தாள் சிவந்தது, அமிலம் சேர்ந்த முனையில் லிட்மஸ் சிவந்தது. மின்வேதியியலின் அடித்தளத்தைப் போட்ட சோதனைகளில் நம் அடுப்படிச் சரக்குக்கும் ஒரு வேலை இருந்திருக்கிறது.

[காட்சி: பித்தளைத் தட்டில் மஞ்சள் தண்ணீர். விரல் நுனியில் கொஞ்சம் வெற்றிலைச் சுண்ணாம்பு. கலந்ததும் தட்டு முழுவதும் சிவப்பு.]

ஃபாரடேக்கு வெகு காலம் முன்பே நம் வாசல்களில் இதே மாற்றம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் நிற்கும்போது அத்தையோ சித்தியோ உள்ளே ஆரத்தி கரைப்பார்கள். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பைக் கரைத்துவிட்டால் போதும். சுண்ணாம்பு சோப்பைவிடப் பல மடங்கு வலுவான காரம் என்பதால் கைவைத்த இடத்திலிருந்து சிவப்பு சுழன்று பரவும். சுற்றி முடித்து, நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, மிச்சத்தை வாசலில் கொட்டிவிடுவார்கள்.

கொட்டாமல் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். அந்தச் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். காரத்தில் குர்குமின் நிலைக்காது, சிதைந்துபோகும். காரமே வேண்டாம், நம் ரத்தத்தைப் போன்ற கிட்டத்தட்ட நடுநிலையான கரைசலில், உடல் வெப்பத்தில் வைத்தால்கூட, அரை மணி நேரத்தில் சுமார் 90 சதவீதம் சிதைகிறது என்று 1997இல் வெளியான ஆய்வு சொல்கிறது. காரம் கூடினால் கேட்கவே வேண்டாம். ஆரத்திக்கு அது ஒரு குறையே இல்லை. அந்தச் சிவப்பு சில நிமிடங்கள் நின்றால் போதும்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. குங்குமமும் மஞ்சளிலிருந்து செய்வதுதான். அது மட்டும் எப்படி மாதக்கணக்கில் சிமிழுக்குள் சிவப்பாகவே இருக்கிறது?

பழைய முறையில் குங்குமம் செய்வதைக் கவனித்தால் குழப்பம் இன்னும் கூடும். குண்டு மஞ்சளை உடைத்து, எலுமிச்சைச் சாற்றில் வெங்காரமும் (போராக்ஸ்) படிகாரமும் கலந்து, அதில் ஊறவைப்பார்கள். பிறகு நிழலில் உலர்த்தி இடித்துச் சலிப்பார்கள். சுண்ணாம்பு சேர்த்துச் செய்பவர்களும் உண்டு. ஆனால் முதலில் சொன்ன முறையில் எலுமிச்சைச் சாறு இருக்கிறதே, அது அமிலம். ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சையைப் பிழிந்தால் சிவப்பு போய் மஞ்சள் வந்துவிடும். அப்படியிருக்க, எலுமிச்சையில் ஊறிய மஞ்சள் எப்படிச் சிவக்கும்?

[காட்சி: மரப்பலகையில் வெள்ளை நிற வெங்காரக் கட்டிகள். பக்கத்தில் பொற்கொல்லரின் ஊதுகுழல்.]

விடை வெங்காரத்தில் இருக்கிறது. தங்கத்தைப் பற்றவைக்கும்போது பொற்கொல்லர்கள் தொட்டுவைப்பார்களே, அதேதான். வெங்காரத்தில் போரான் என்ற தனிமம் உண்டு. அமிலச் சூழலில் இந்தப் போரான் குர்குமினின் நடுச்சங்கிலியில் போய் உட்கார்ந்து, அதோடு சேர்ந்து புதிய பொருளாகிவிடுகிறது. அந்தப் பொருளின் நிறம் சிவப்பு. ஆக, ஆரத்திச் சிவப்பு என்பது ஹைட்ரஜனை இழந்த குர்குமின். குங்குமச் சிவப்பு என்பது போரானைக் கட்டிக்கொண்ட குர்குமின். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கலாம், வேதியியலில் இரண்டும் வேறு வேறு. உடனே கொட்டிவிடும் தண்ணீருக்குச் சுண்ணாம்பு, நாள்பட வைத்திருக்கும் பொடிக்கு வெங்காரம் என்று பிரித்து வைத்தவர்களுக்குப் போரான் என்ற பெயர் தெரிந்திருக்காது. எது நிற்கும், எது நிற்காது என்பது தெரிந்திருக்கிறது. பலமுறை செய்து, காத்திருந்து, கவனித்துப் பார்க்காமல் அந்த அறிவு வந்திருக்க முடியாது. அந்தக் கவனிப்பை நாம் வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

சரி, அந்த வெங்காரம் எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டு மண்ணில் கிடைப்பதல்ல. திபெத்திலும் லடாக்கிலும் உப்பு ஏரிகளின் கரைகளிலும் வெந்நீர் ஊற்றுகளின் ஓரங்களிலும் அது படியும். லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு அதற்குப் பேர்போனது. அந்தக் காலத்தில் அதைச் சிறு சிறு பைகளில் கட்டி, ஆடுகளின் முதுகில் ஏற்றி, இமயமலைக் கணவாய்களைத் தாண்டிக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து வியாபாரிகள் கைமாறிக் கைமாறி நாட்டு மருந்துக் கடைகளுக்கு வந்துசேரும்.

இதே வேதியியல்தான் உணவுப் பரிசோதனைக் கூடத்திலும் நடக்கிறது. பால் கெடாமலிருக்க யாராவது போரிக் அமிலமோ வெங்காரமோ கலந்திருந்தால், பாலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து மஞ்சள் தாளை நனைப்பார்கள். தாள் சிவந்தால் கலப்படம். அதன்மேல் காரம் பட்டால் சிவப்பு கரும்பச்சைக்குப் போகும். சாதாரண மஞ்சள் கறை ஒருநாளும் அந்த நிறத்துக்கு வராது.

[காட்சி: மூன்று வெள்ளைத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை குங்குமம்.]

வீட்டிலிருக்கும் குங்குமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று கடையில் கிடைப்பதில் செயற்கைச் சாயம் கலந்ததும் நிறைய உண்டு. முதல் தட்டை அப்படியே விட்டுவிடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். இரண்டாவது தட்டில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு. மஞ்சளுக்குத் திரும்பினால் சுண்ணாம்பில் சிவந்ததாக இருக்கும். மூன்றாவது தட்டில் சலவை சோடா கரைத்த தண்ணீர். பச்சை கலந்த கருமைக்குப் போனால் வெங்காரம் வேலை செய்திருக்கிறது. இரண்டிலும் நிறம் அசையாமல் அப்படியே இருந்தால் சாயமோ என்று சந்தேகப்படலாம். பார்த்து முடித்ததும் தட்டுகளைக் கழுவிவிடுங்கள், சோடா தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள். உங்கள் வீட்டுக் குங்குமம் எந்தத் தட்டில் நிறம் மாறியது என்று எங்களுக்கு எழுதுங்கள், எந்த ஊரில் வாங்கியது என்பதையும் சேர்த்து.